புகை பார்த்துக் குறித்த நாள்

பிப்ரவரி 3

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வேளைக்குச் சாப்பிடாமல் மட்டும் இருப்பாய்.

முந்தாநாள் போனில் நீ கத்தியதும் போதும், நான் கத்தியதும் போதும். இந்த விஷயத்தைப் பற்றி இனிமேல் போனில் பேச்சே கிடையாது. இருமல் போயிற்றா, வாடகை ஏறிற்றா, அவ்வளவுதான் போனில். நம் இரண்டு பேருக்கும் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். எழுதினால் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. தவிர, குறுக்கே பேச உன்னால் முடியாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆகவே போனில் பாதியில் நின்றதை முழுசாகச் சொல்கிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. உன் அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. உன்னிடம் மட்டும் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"யாரு, எங்க புடிச்சே?" என்று கேட்டாயே, அதற்குப் பதில்: நம் கண்ணாடிக் கடையில். படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று தொப்பி போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கண் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் தொப்பியை எடுக்கவில்லை. "அதை எடுத்தாத்தான் கருவி நெத்தியில ஒக்காரும்" என்றேன். "எடுத்தா வழுக்கை தெரியுமே" என்றார். "நான் கண்ணைத்தான் பாக்கறேன், தலையை இல்ல" என்றேன். எடுத்தார். வழுக்கைதான், சந்தேகமே இல்லை. அடுத்த வாரம் கண்ணாடி சரியில்லை என்று வந்தார். சோதித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வாரமும் சரியில்லை. நாலாவது தடவை நானே, "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான், அவரைத் திட்டாதே.

ஊருக்கு வெளியே கோதுமை போட்டிருக்கிறார். மனைவி இறந்து ரொம்ப நாளாகிறது. பிள்ளைகள் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரித்துவிடுவார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது கேட்கிற விஷயம். அறுவடை முடிந்த வயலில் மேஜை போட்டு, திறந்த வெளியில் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. ஆனால் அதுதான் ஊர் முழுக்க வயலைக் கொளுத்துகிற பருவம். போன வருஷம் வாரக்கணக்கில் எல்லோரும் இருமினோம். கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஜனங்கள் எங்கெங்கோ அலைகிறார்கள். எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறான், அதுவும் வானத்தின் மேலே இருந்து பார்க்கிறவன். புகை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்துச் சொல். நீ சொல்கிற நாளில் கல்யாணம். நீ சொல்லாவிட்டால் கல்யாணமே இல்லை. இதில் அவருக்கும் சம்மதம்.

அந்த மேகக்காரியை விசாரித்ததாகச் சொல்.

உன்
அம்மா


பிப்ரவரி 9

அன்புள்ள அம்மா,

கடிதம் வந்தது. மேகக்காரி நலம். அவளை நீ விசாரிப்பதை நான் விசாரித்ததாக அவள் நினைத்துக்கொள்கிறாள், அது வேறு தொல்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்கிறவள், நான் புகையைப் பார்க்கிறவன். எங்களுக்குள் எல்லைத் தகராறு மட்டும்தான்.

அதையும் சொல்கிறேன். எங்கள் அறையின் ஒரு சுவர் முழுக்கத் திரை. செயற்கைக்கோள் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பிக்கொண்டே இருக்கும். தீ இருக்கிற இடத்தில் சிவப்புப் புள்ளி விழும், அதைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். புகையை மட்டும் மனிதன்தான் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்திருக்கும்போது நன்றாகத் தெரியும், உச்சி வேளையில் ஒளிந்துகொள்ளும். மேகத்துக்கு ஓரம் உண்டு, புகைக்குக் கிடையாது. அது எங்கே முடிகிறது என்று யாராவது முடிவு செய்து சுற்றிக் கோடு போட வேண்டும். நான் கோடு போட்டால் அந்தக் கோட்டுக்குள் இருக்கிற பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விளையாட விடமாட்டார்கள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன்.

கல்யாணம் பற்றி. உன் இஷ்டம். (இந்த இரண்டு சொல்லை எழுதுவதற்குள் நிறையத் தாளைக் கிழித்துவிட்டேன்.)

நாள் பற்றி. என்னால் நாலைந்து நாளுக்கு மேல் திட்டமாகச் சொல்ல முடியாது. அதற்கு மேல் எல்லாம் பழைய வருஷங்களைப் பார்த்துச் சொல்கிற உத்தேசம்தான். அந்த உத்தேசத்தின்படி 23ஆம் தேதி ஞாயிறு வேண்டவே வேண்டாம். தெற்கே மலைச்சரிவில் இப்போதே புள்ளிகள் விழ ஆரம்பித்துவிட்டன. மார்ச் முதல் ஞாயிறும் சந்தேகம். ஒன்று செய்யலாம். மழை வந்தால் காற்று கழுவி விட்டதுபோல ஆகிவிடும். ஜூலை வரை பொறுத்தால் என்ன? ஐம்பத்தெட்டு வயதில் அப்படி என்ன அவசரம்?

இன்னொன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. ஒவ்வொரு வருஷமும் என் திரை அம்மை போட்ட முகம்போல ஆவதற்குக் காரணம் அறுத்த பயிரின் அடித்தாளைக் கொளுத்துகிற விவசாயிகள். உன் தொப்பிக்காரர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா?

உன்
மகன்


பிப்ரவரி 26

என் அருமைப் புகைராசாவுக்கு,

நீ வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஞாயிறு வந்தது, போனது. வானம் கழுவி வைத்த கண்ணாடிபோல இருந்தது. ஜன்னல் திரைகளைத் துவைத்து மாடியில் காயப் போட்டேன், வெள்ளை வெளேரென்று எடுத்து மாட்டினேன். உன் செயற்கைக்கோளுக்கு ஒரு நல்ல கண்ணாடி வேண்டுமானால் சொல், விலையில் குறைத்துத் தருகிறேன்.

"ஐம்பத்தெட்டு வயதில் அப்படி என்ன அவசரம்" என்று கேட்டிருக்கிறாய். இருபத்தெட்டு வயதில்தான் கண்ணா அவசரம் கிடையாது. இந்த வயதில்தான் அவசரம். இதைக் கூடவா நான் உனக்குச் சொல்ல வேண்டும்?

அவர் கொளுத்துகிறவர் இல்லை. தாளை அப்படியே மடக்கி உழுதுவிடுகிறார். அதற்கு டீசல் கூடச் செலவாகிறது என்று பக்கத்து வயல்காரர்கள் கேலி செய்கிறார்கள். "எம் மண்ணுக்குப் போற சாப்பாட்டை நான் ஏன் வானத்துக்கு அனுப்பணும்?" என்கிறார். நீயும் அவரும் உட்கார்ந்து பேசினால் நான் வாயைத் திறக்கவே இடமிருக்காது.

வேறு செய்திகள். மாடிப்படி விளக்கை ஒருவழியாகப் போட்டுவிட்டார்கள். கடையில் புது வேலைக்காரப் பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் வாடிக்கையாளர் எல்லோரிடமும் "இந்த ஃப்ரேம்ல நீங்க பத்து வயசு கொறைஞ்சு தெரியிறீங்க" என்கிறாள். நேற்று ஒரு பள்ளிக்கூடப் பையனிடமும் சொல்லிவிட்டாள். தொப்பிக்காரர் டிராக்டர் நிறுத்தப் பெரிய கொட்டகை ஒன்று போட்டு முடித்தார். மேலே புதுத் தகரம், பக்கத்தில் போனால் கண் கூசுகிறது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மேற்கே, கால்வாய் திரும்புகிற இடத்தில் இருக்கிற அவர் வயல் பக்கம் நான் நடந்து போவேன், அவர் பாதி வழி எதிரே வருவார். ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன், நடப்பதற்கென்றே.

எதிர்வீட்டுக்காரி உன்னைப் பற்றிக் கேட்டாள். "பையனுக்கு என்ன வேலை?" "எப்பவும் புகையோடதான்" என்று சொல்லிவிட்டேன். "ஐயையோ, சின்ன வயசாச்சே, விட்டுடச் சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரும் கஷ்டப்பட்டுத்தான் விட்டாரு" என்றாள். நான் திருத்தவில்லை. உன்னைப் பார்த்தால் புத்தி சொல்வாள், கேட்டுக்கொள்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். ராத்திரி படுக்கும்போது நாளைக்கு என்ன என்று நினைத்தால் எனக்கு இப்போது சந்தோஷமாக இருக்கிறது. ரொம்ப காலம் அப்படி இல்லை. அதனால்தான் கேட்கிறேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்.

உன்
அம்மா


மார்ச் 3

அன்புள்ள அம்மா,

முதலில் என் தொழில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறேன். நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அன்றைக்கு உங்கள் ஊர் மேல் புகை இருந்தது. ரொம்ப உயரத்தில் இருந்தது. மேலே இருந்து நேராகக் கீழே பார்க்கிற படத்தில் அது கூரைக்கு மேலே நிற்கிறதா, விமானத்துக்கு மேலே நிற்கிறதா என்று தெரியாது. அன்று சாயங்காலம் சூரியன் செக்கச்செவேலென்று இறங்கியதா? யோசித்துப் பார். அதுதான் என் புகை.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்து அவருடைய வயலைத் திரையில் கண்டுபிடித்தேன். ஊருக்கு மேற்கே, கால்வாய் திரும்புகிற இடத்தில். அங்கே சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. ஒரு நாள் என்றால் யாரோ பீடித்துண்டைப் போட்டார்கள் என்று விட்டுவிடலாம். கடந்த பத்து நாளில் ஐந்து நாள் விழுந்திருக்கிறது, அதே இடத்தில். துளித் துளியாகக் கொளுத்துகிறார் என்று தோன்றுகிறது. ஒரேயடியாகக் கொளுத்தினால் ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? மடக்கி உழுகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு இதைச் செய்கிறார்.

தீ வைப்பது கூடப் பெரிதில்லை அம்மா. உன்னிடம் அதை மறைக்கிறாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு அதே மனிதருக்கு நான் நாள் குறித்துக் கொடுக்க முடியுமா? இப்போதைக்கு என்னிடம் நாள் இல்லை.

உன்
மகன்


மார்ச் 7

மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. அவரிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. தினமும் அந்த வயல் வரப்பில் நடக்கிறேன். எரிந்தால் என் தலைமுடியில் வாசனை இருக்கும், வீட்டுக்கு வந்து சீப்பு எடுத்தால் தெரிந்துவிடும். உன் திரை ஒன்று சொல்கிறது, என் மூக்கு ஒன்று சொல்கிறது. நான் என் மூக்கை நம்புகிறேன்.

அது கிடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு என்ன பட்டது என்றால், அந்தப் புள்ளியைப் பார்த்ததும் உனக்கு வருத்தம் வரவில்லை. சந்தோஷம் வந்திருக்கிறது. எழுத்திலேயே தெரிகிறது. அதுதான் என்னைச் சுட்டது.

இனி நாள் கேட்க மாட்டேன். சூரியன் சிவப்பாகத்தான் இறங்கியது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணப்பெண்ணாக நின்றுகொண்டு, மகன் வருகிறானா என்று ஒரு கண்ணை வாசலில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நானும் அவரும் இப்படியே இருந்துவிடுகிறோம். டீ குடிக்கக் கல்யாணம் வேண்டாம்.

சாப்பிடு. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

அம்மா


மார்ச் 8

அன்புள்ள அம்மா,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வருவதற்குள் இதை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று, அலுவலக வாசலில் இருக்கிற தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மற்றதையும் சேர்த்து மன்னித்துக்கொள்.

அது தீ இல்லை அம்மா. கூரை.

நேற்று அந்தப் புள்ளியை மேகக்காரியிடம் காட்டினேன், ஊழல்காரனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "ராத்திரிப் படத்துல ஏன் இல்ல?" என்றாள். எங்களுக்கு வேறொரு செயற்கைக்கோளிலிருந்து மதியம் ஒரு தடவையும் ராத்திரி ஒரு தடவையும் தீ பார்க்கிற படம் வரும். கொளுத்திய வயல் ராத்திரியிலும் கனன்றுகொண்டிருக்கும். இது மதியம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. மேகம் இருந்த நாளில் விழவே இல்லை. எல்லாவற்றையும் விட மோசம், ஐந்து நாளும் அந்த இடத்திலிருந்து ஒரு இழை புகை கூடக் கிளம்பவில்லை. புகை பார்க்கவே சம்பளம் வாங்குகிறவன் நான். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். புள்ளியைப் பார்த்த குஷியில் புகையைத் தேடவே இல்லை.

அப்புறம் துல்லியமான படம் ஒன்றை வரவழைத்தோம். நீள்சதுரமாகப் பளபளவென்று ஒன்று. டிசம்பர் மாதப் படத்தில் அது இல்லை. உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். "மேலே புதுத் தகரம், பக்கத்தில் போனால் கண் கூசுகிறது." எழுதியிருக்கிறாய். மதிய வெயில் அதில் பட்டு நேரே செயற்கைக்கோளின் கண்ணில் அடித்திருக்கிறது, அது தீ என்று நினைத்துவிட்டது. பெரிய தகரக் கூரைகள் இப்படி ஏமாற்றும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நானேதான்! மேகக்காரி சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். எனக்கு அசடு வழிந்தது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்று காலை எங்கள் தலைவி கூப்பிட்டார். நாங்கள் போடுகிற கோடுகளை மாதம் ஒருமுறை தரையில் இருக்கிற காற்றுக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். "எல்லாப் பக்கமும் உங்க கோடு கச்சிதமா இருக்கு. இந்த ஒரு ஊர்கிட்ட வந்தா மட்டும் ஏன் வெளியில வீங்குது?" என்றார். மேகக்காரி அங்கிருந்தே, "அது அவங்கம்மா ஊரு மேடம்" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். "அம்மா மேல அவ்வளவு பாசமா?" என்று தலைவி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை அம்மா, சத்தியமாக. ஆனால் கை செய்திருக்கிறது. நீ நாள் கேட்டதிலிருந்து புகை உங்கள் ஊர் வரை வராதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ தனியாக இருக்கிறாயே என்று எனக்குக் கவலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் எப்போது வந்தாலும் கதவு திறக்கும், உள்ளே நீ மட்டும் இருப்பாய், எனக்காகவே இருப்பாய். இப்போது நான் வரும்போது நீ யாருடனோ நடக்கப் போயிருப்பாய். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பொறாமை வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்துவிட்டது, சொல்லிவிட்டேன்.

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நாள் பார்க்கிறேன். இந்தத் தடவை ஒழுங்காகப் பார்க்கிறேன்.

உன்
மகன்


மார்ச் 14

அன்பு மகனுக்கு,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன. என்னுடையது கொஞ்சம் உறைப்பாக இருந்திருக்கும். எழுதியதை அழிக்க மாட்டேன், ஆனால் அதை நீ திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம்.

முதலில் சிரித்து முடித்துவிடுகிறேன். அவரிடம் கடிதத்தின் கூரைப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். பொறாமைப் பகுதியைப் படிக்கவில்லை, அது எனக்கும் உனக்கும். கோபித்துக்கொள்வாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்கூரை ஆகாசத்துல இருந்து தெரியுதா?" என்றார். தெரிகிறதாம் என்றேன். "நெருப்பு மாதிரியா?" ஆமாம் என்றேன். "அப்ப நல்ல தகரம்தான் குடுத்திருக்கான்!" அன்றைக்கே தகரக் கடைக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பிறகு பக்கத்து வயல்காரர்களிடம், பிறகு முடிவெட்டுகிற இடத்தில். இப்போது ஊரில் பாதிப் பேர் என்னிடம் வந்து, "உங்க பையன் தீன்னு புடிச்சது இவரு கொட்டகையைத்தானாமே" என்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு பிரதி வேண்டுமாம், சட்டம் போட்டுக் கொட்டகையிலேயே மாட்டப் போகிறாராம். அனுப்பி வை, இல்லாவிட்டால் என்னை நச்சரித்துவிடுவார்.

மேகக்காரியைப் பற்றி மூன்று தடவை எழுதியிருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணா, நீ எழுதியதைப் படித்தேன். நீ வந்தால் கதவு எப்போதும்போலத் திறக்கும். திறக்கிற ஆள் மாறலாம், அவ்வளவுதான். நான் நடக்கப் போயிருந்தால் திரும்பி வந்துவிடுவேன். உன்னை விட்டு எங்கே போகப் போகிறேன்?

நாள் கேட்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். கேட்டு வாங்குகிற நாளில் எனக்கு ருசி இல்லை. நீயாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசை இன்னும் இருக்கிறது.

இங்கே இரண்டு நாளாக நிஜமாகவே புகை வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பவர் மாறிவிட்டது என்கிறார்கள். "ஊருக்கே ஒரே நாள்ல பவர் மாறாதுங்க, புகைதான்" என்று சொல்லி அனுப்புகிறேன். வியாபாரம் போகிறது.

உன்
அம்மா


மார்ச் 23

அன்புள்ள அம்மா,

படத்தின் பிரதி தனி உறையில் வருகிறது. கூரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டுக் கொடுத்தது மேகக்காரி. கீழே "இது தீ அல்ல" என்று எழுதியதும் அவள்தான். அவருக்குப் பிடிக்கும் என்றாள். இதற்கு மேல் அவளைப் பற்றி நீ கேட்காத எதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

ஒரு வாரமாக உங்கள் ஊரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை தனியாகப் பார்க்கவில்லை. கோடு போட்டதும் மேகக்காரியிடம் காட்டினேன், அவள் பார்த்ததும் தலைவியிடம் காட்டினேன், தரைக் கருவிகளின் அளவையும் வைத்துப் பார்த்தேன். கோடு வீங்கவில்லை. மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் கொண்டு போய் முடித்தோம்.

செய்தி நல்லதில்லை. தெற்கு மலையில் பிடித்த தீ இரண்டு சரிவு தாண்டிவிட்டது. மேற்கே சமவெளியில் ஒவ்வொரு நாளும் புது வயல்கள் எரிகின்றன. காற்று இரண்டையும் சேர்த்து உங்கள் பக்கம்தான் தள்ளுகிறது. போன மாதம்போல உயரத்தில் இல்லை, தரையோடு தவழ்கிறது. இதைச் சொல்ல உத்தேசக் கணக்கு கூட வேண்டாம். மழை இறங்கும் வரை இது விலகாது. மழைக்கு முன்னால் புகை இல்லாத ஞாயிறு ஒன்று கூட உனக்கு என்னால் காட்ட முடியாது.

பிப்ரவரியில் இந்தப் படம் கிடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! உண்மையையே சொல்லி உன்னை ஜூலை வரை நிறுத்தி வைத்திருப்பேன். நேற்று சாயங்காலம் வெயில் சாய்ந்து, புகை முழுசாகத் தெரிகிற நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஊரே தெரியவில்லை. ஆற்றங்கரையிலிருந்து கால்வாய் வரை ஒரே சாம்பல் நிறம். அதற்கு அடியில் நீ கடையை அடைத்துவிட்டுப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாய், அவர் பாதி வழி எதிரே வந்திருப்பார். இத்தனை புகையிலும் நீங்கள் இரண்டு பேரும் நடப்பதை நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. உன் சந்தோஷத்தை நினைத்து எனக்குச் சந்தோஷம் வந்தது இதுதான் முதல் தடவை.

திறந்த வெளி வேண்டாம். எங்காவது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலையெல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி செருகுங்கள். வருகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரட்டும், உள்ளே வந்து கழற்றிக்கொள்ளட்டும். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நேரில் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்கிறோம்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பருவத்தில் புகைக்காரனுக்கு யாரும் விடுப்பு தரமாட்டார்கள். மேகக்காரி இரண்டு மேஜையையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் கிடைத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டு வருவேன், அதற்கென்று நீ எழுந்திருக்க வேண்டாம்.

நீ கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. புகை இருக்கும் அம்மா. நீ கல்யாணம் பண்ணிக்கொள்.

உன்
மகன்